மூன் ஆற்றுப் பாலத்தில் சொல்லாமல் விட்டது

சாயனின் கைகளைப் பார்க்கிறவர்கள் அவனைக் குத்துச்சண்டைக்காரன் என்றே நினைப்பார்கள். முன்கை இரண்டும் அப்படி முறுக்கேறிக் கிடக்கும். ஆனால் அந்தக் கைகள் பிறந்ததிலிருந்து ஒருவரையும் அடித்ததில்லை. படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கி, புரட்டி, உட்காரவைத்து வந்த வலு அது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் படிக்கப் போனபோது வகுப்பு முழுக்கப் பெண்கள். இவன் ஒருத்தன்தான் ஆண். முடித்து வெளியே வந்ததும் ஊரிலுள்ள கனத்த உடம்புக்காரர்கள் எல்லாரும் இவன் தலையிலேயே வந்து விழுந்தார்கள்.

புரிராம் பக்கம் மரவள்ளிக் காட்டில் பிறந்தவன். வீட்டில் சோற்றுக்கு வழியில்லாமல் சின்ன வயதிலேயே மொட்டையடித்துப் புத்தர் கோயிலில் விட்டுவிட்டார்கள். அங்கே வயிற்றுநோயில் கிடந்த பிக்கு ஒருவருக்குப் பணிவிடை செய்ததில் அருவருப்பு என்பது அப்போதே கழன்றுபோயிற்று. பிறகு காவி களைந்து ஐஸ் கம்பெனியில் வேலை, கல்யாணம். மனைவி கொரியாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனாள். முதலில் தினமும் போனில் முகம் காட்டினாள், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில், அப்புறம் எப்போதாவது. இப்போது அந்த நம்பரே வேலை செய்வதில்லை. சாயன் இதைப்பற்றி யாரிடமும் புலம்பியதில்லை. புலம்பித் தொலைத்திருக்கலாம். எல்லாவற்றையும் உள்ளேயே போட்டு வைக்கிறவர்கள் ஒருநாள் வேண்டாத இடத்தில் வாயைத் திறந்துவிடுகிறார்கள்.

அவன் கடைசியாகப் பார்த்துக்கொண்ட பெரிய நோயாளி தாவோன். லாரி டிரைவர். சரக்குக்கு மேலே ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு நழுவி, தலைகுப்புற விழுந்து கழுத்து எலும்பு போனது. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. வாய் மட்டும் போகவில்லை. உடம்புக்கெல்லாம் சேர்த்து அதுவே வேலை செய்தது. லாரி முதலாளி தன் தலை தப்பினால் போதும் என்று சாயனுடைய சம்பளத்தை ஏற்றுக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து இரண்டு பேரும் இருந்தார்கள். தாவோனின் அம்மா புவா, தன் கிராமத்திலிருந்து மாதாமாதம் பஸ் பிடித்து வருவாள், மகனுக்குப் பிடித்த, உப்பில் ஊறல் போட்ட மீனும் ஒட்டரிசிச் சோறும் கட்டிக்கொண்டு. தம்பி மானோப் ஒருதடவைகூட வரவில்லை. அவன்தான் அந்த லாரியில் கிளீனர்.

காலையில் முகம் கழுவித் தலைவாரிவிடும் முன் சாயன் கட்டிலருகே நின்று கைகூப்புவான். மூத்தவர் தலையில் கைவைப்பதற்கு மன்னிப்புக் கேட்பது. தினமும் கேட்பான், ஒருநாளும் தவறியதில்லை.

"டேய், கொஞ்ச முன்ன என் பின்பக்கத்தைக் கழுவினியே, அப்ப கும்பிடு போடலியே?"

"அது கீழ இருக்குண்ணே. இது மேல."

"ரெண்டும் என்னுதுதானடா. அதுக்கும் ஒரு மரியாதை வேணாமா?"

"வேணும்னா சொல்லுங்க, நாளையிலேருந்து அதுக்கும் ஒரு கும்பிடு போட்டுடறேன்."

தாவோன் சிரிக்கும்போது சத்தம் வராது, கண்ணில் தண்ணீர்தான் வரும். சாயன் துடைத்துவிடுவான். அழுதாலும் அதே மாதிரிதான் என்பதால் பல நாட்கள் எது எதுவென்று அவனுக்கே தெரியாது.

வீட்டுக்காரரின் மகள் நிம், சின்ன வயதிலிருந்தே பாங்காக்கில் வளர்ந்து, அங்கேயே சினிமா படித்துவிட்டு வந்தவள். இந்த இரண்டு பேரையும் படமெடுக்கப் போகிறேன் என்று காமிராவோடு வந்து நின்றாள்.

"நீங்க ஒன்னும் நடிக்க வேணாம். நான் இல்லைன்னு நெனச்சுக்குங்க" என்றாள்.

"நான் நடிக்கணும்னாலும் முடியாதே, பாப்பா" என்றான் தாவோன். "கதாநாயகன் படுத்தே கெடக்கான், சண்டை இல்ல, பாட்டு இல்ல. எவன் பாப்பான் இதை?"

"பாப்பாங்க அண்ணே. மெதுவா பாக்கறவங்க இருக்காங்க."

"மெதுவான்னா? என்னைவிட மெதுவாவா?"

அவள் வந்துகொண்டே இருந்தாள். மின்விசிறி சுற்றுவதை எடுத்தாள். சிறுநீர்ப் பை நிறைவதை எடுத்தாள். சாயன் முதுகுப்புண்ணுக்கு மருந்து கட்டுவதை, ஜன்னலில் வெயில் நகர்வதை, இரண்டு பேரும் பேசாமல் இருப்பதை எல்லாம் எடுத்தாள். சாயனின் சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கை மாட்டிவிடுவாள். கொஞ்ச நாளில் அது அங்கே இருப்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் தாவோனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அடிக்கடி வருவதுதான், ஆனால் இந்தத் தடவை அவனுக்கே தெரிந்திருந்தது.

"சாயன், எங்கப்பன் எப்படிச் செத்தான்னு சொல்லியிருக்கேனா?"

"இல்லண்ணே."

"கரும்பு ஏத்திட்டுப் போற வண்டியில. ரோட்டுல. பொணத்தை ஊர் வாசல் வளைவுக்கு வெளிய நிறுத்திட்டானுங்க. வெளிய செத்தவன் உள்ள வரக்கூடாதாம். அம்மா நடு ரோட்டுல விழுந்து பொரண்டா. வீட்டு வாசலைக்கூட அவன் பாக்கல, அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டு போய்ட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "இன்னொரு தடவை அவளை ரோட்டுல பொரள விடாதே. என்ன ஆனாலும் உசுரோட என்னை வீட்டுல சேத்துடு."

"சேத்துடறேன்."

"எந்தலையைத் தொட்டுச் சொல்லு."

சாயன் கைகூப்பிவிட்டு அவன் தலையைத் தொட்டான்.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். அதோடு பேச்சும் போயிற்று. சில நாள் கழித்து டாக்டர், புவாவுக்குப் போன் செய்து, இனி ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போகிறீர்களா என்று கேட்டார். அங்கே அதுதான் வழக்கம். குழாயோடும் கையால் அமுக்கும் மூச்சுப்பையோடும் வீட்டுக்குக் கொண்டுவந்து, சொந்த பந்தம் சுற்றி உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தபின் குழாயை எடுப்பார்கள். "கொண்டாங்க, பாய் விரிச்சு வச்சிருக்கேன்" என்றாள் புவா.

தருமத்துக்கு ஓட்டும் ஒரு வேன் கிடைத்தது. முன்னால் டிரைவர், ரேடியோவில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு. பின்னால் தாவோன் படுத்திருக்க, தலைமாட்டில் சாயன், கால்மாட்டில் நிம். சாயன் பையை அமுக்கினான், விட்டான், அமுக்கினான். அமுக்கினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். தாவோனின் புருவங்களுக்கு நடுவே வலியில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அது இருக்கும்வரை ஆள் இருக்கிறான் என்று சாயன் மனசில் வைத்துக்கொண்டான்.

மூன் ஆற்றைத் தாண்டி நெடுந்தூரம் போனபின், கை வலித்து மாற்றும்போது கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். துடிப்பு இல்லை. இன்னொரு பக்கம் பார்த்தான். இமையைத் தூக்கிப் பார்த்தான்.  கொஞ்ச நேரமாகத் தான் பிணத்துக்கு மூச்சு ஊதிக்கொண்டிருப்பது புரிந்தது.

"எப்படி இருக்காரு?" முன்னாலிருந்து டிரைவர் கத்தினான்.

சாயன் பையை அமுக்கினான். நெஞ்சு ஏறி இறங்கிற்று.

"இருக்காரு" என்றான்.

வேறு என்ன செய்ய முடியும்? சொன்னால் வண்டி வளைவோடு நின்றுவிடும். பாய் விரித்து வைத்திருக்கிறவள் ரோட்டில் புரளுவாள். தலையைத் தொட்டுச் சொன்னது அவன். அதனால் அமுக்கிக்கொண்டே இருந்தான். ஆனால் அடுத்த பாலம் வந்தபோது, ஹுவாய் சாய் என்று ஒரு சின்ன ஓடை, அவன் வாய் தானாகத் திறந்தது.

"அண்ணே, பாலம் வருது. தண்ணியத் தாண்டறோம். கூடவே வந்துடுங்க."

சொல்லாமல் விட முடியவில்லை. தண்ணீரைத் தாண்டும்போது கூப்பிடாவிட்டால் செத்தவர்கள் அக்கரையிலேயே நின்றுவிடுவார்கள். ஓட்டிப்போகும் உடம்பு மட்டும் வீடு சேரும். அதன்பிறகு வந்த ஒவ்வொரு பாலத்திலும் மதகிலும் சொன்னான். நிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தாள். பாங்காக்கிலேயே வளர்ந்த பெண், நோயாளியிடம் அன்பாகப் பேசுகிறான் என்று நினைத்துவிட்டாள். நகரத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது?

வளைவில் ஊர்த்தலைவர் நின்றுகொண்டிருந்தார். வேன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"மூச்சு இருக்காப்பா?"

"பாருங்கய்யா, ஏறி எறங்குது."

"சரி, போங்க போங்க. அம்மா காத்துட்டிருக்கா."

பாயில் கிடத்தினார்கள். புவா மகனின் கைகளைக் கூப்பவைத்து, நடுவில் பூவும் ஊதுவத்தியும் சொருகினாள். வாசனைத் தண்ணீரை நெற்றியில் தடவி, "எல்லாரும் அவங்கிட்ட மன்னிப்பு கேட்டுக்குங்க, காது கேக்கும்" என்றாள். அத்தை கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான். சாயன் அமுக்கிக்கொண்டே இருந்தான், நெற்றியில் வியர்வை கண்ணுக்குள் இறங்க.

கடைசியில் மானோப் தவழ்ந்து வந்து அண்ணன் காதில் வாயை வைத்தான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் தலைமாட்டில் இருந்தவனுக்குக் கேட்டது.

"அண்ணே, கயிறு இத்துப் போயிருந்தது எனக்குத் தெரியும். மாத்திடறேன்னு உங்கிட்ட சொல்லிட்டுத் தண்ணியடிக்கப் போய்ட்டேன். மாத்தல. நான்தான். என்னை விட்டுடு அண்ணே, மன்னிச்சு விட்டுடு."

ஏறி இறங்கும் நெஞ்சின்மேல் தலை வைத்து அவன் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. பிறகு நிமிர்ந்து சாயனைப் பார்த்தான். "கேட்டிருப்பானா?"

"கேட்டாரு" என்றான் சாயன்.

குழாயை எடுத்தார்கள். பையை விட்டபிறகும் அவன் விரல்கள் மூடித் திறந்துகொண்டிருந்தன.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. சாயன் வேறொரு நோயாளிக்குப் போனான். மானோப் அண்ணன் சிதைக்காக ஒருநாள் பிக்குவாக மொட்டையடித்துக்கொண்டான்; அதன்பின் சாராயத்தைத் தொடவில்லை என்று புவா போனில் சொன்னாள். "மனசு லேசாயிடுச்சு அவனுக்கு, தம்பி. நீ உசுரோட கொண்டாந்து சேத்ததால ஆச்சு." அதைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் சாயனுக்குச் சோறு இறங்காது.

நிம்முடைய படம் வெளிநாடெல்லாம் போயிற்று. எங்கோ எழுந்து நின்று கைதட்டினார்களாம். சாயன் பார்க்க மறுத்துவிட்டான். வருஷ புண்ணியம் வந்தது. எரித்து மிஞ்சிய எலும்பை எடுத்துக் கோயிலில் வைக்கும் நாள். "எம் புள்ள மூஞ்சியை நான் பாக்கணும், அந்தப் படத்தைக் கொண்டா" என்று புவா நிம்மிடம் கேட்டுவிட்டாள். சாயனையும் வரச்சொன்னாள். அவள் கூப்பிட்டு அவனால் மறுக்க முடியவில்லை.

ஊர் வளைவுக்கு வெளியே இருக்கும் கோயில் மண்டபத்தில், பிக்குகள் சாப்பிட்டு முடித்தபின், பள்ளிக்கூடத்துப் பெரிய டிவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஊரே பாய் போட்டு உட்கார்ந்தது. படம் ஓடிற்று, அல்லது ஓடவில்லை.

"ஏன்டி, டிவி நின்னுபோச்சா?"

"இல்லக்கா, விசிறி சுத்துது பாரு."

"அதைத்தான் எங்க வீட்டுலயும் பாக்கறேனே!"

"சும்மா இருங்கடி" என்று புவா அதட்டினாள். டிவியில் தாவோன் பேசிய கெட்ட வார்த்தைகளுக்கு எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

பிறகு வேன் வந்தது. சாயன் தலை குனிந்துகொள்ளப் பார்த்தான், முடியவில்லை. திரை முழுக்கத் தாவோனின் முகம். ஓரத்தில் பையை அமுக்கும் தன் கை. புருவ மடிப்பு இருந்தது. ஏறி இறங்கிற்று, ஏறி இறங்கிற்று. நிம் காமிராவை அசைக்கவே இல்லை. அப்போது சாயன் கண்ணெதிரே அந்த மடிப்பு மெல்லத் தளர்ந்து, தேய்த்துவிட்ட துணி போல நெற்றி வழவழப்பானது. வாய் ஓரம் வெளுத்தது. அடுத்த கணம் பெரிய பாலத்தின் கம்பி நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த முகத்தின்மேல் ஓடின.

அது மூன் ஆறு. அந்தப் பக்கத்தில் அத்தனை நீளமான பாலம் வேறு கிடையாது. திரையிலிருந்த சாயன் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை தானாக அமுக்கிக்கொண்டிருக்க, வெள்ளத்தையும் படகையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆள் போனது மூனுக்குப் பிறகு என்றுதான் ஒரு வருஷமாக நம்பியிருந்தான்.  அந்த அதிர்ச்சியில், அடுத்து வரப்போவது என்ன என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

"அண்ணே, பாலம் வருது. தண்ணியத் தாண்டறோம். கூடவே வந்துடுங்க."

மைக் காலரில் இருந்தது. மண்டபம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. சிரிப்பும் குசுகுசுப்பும் நின்றுபோயின. உயிரோடு இருப்பவனிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அங்கே சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். படம் பாட்டுக்கு ஓடிற்று. அடுத்த பாலத்தில் மறுபடி சொன்னான், மறுபடி சொன்னான். யாரோ எழுந்து டிவியை அணைத்தார்கள்.

"செத்தவனையா எங்கிட்ட உசுருன்னு காட்டின?" ஊர்த்தலைவர் எழுந்து நின்றார். "நான் பாத்து உள்ள விட்டேனேடா!"

"அதான் அந்த வருஷம் எங்க எருமை ரெண்டும் செத்துச்சு" என்றது ஒரு குரல்.

"எம் மருமவளுக்குக் கரு கலைஞ்சுதே. பாவி, எதைக் கொண்டாந்து விட்ட நீ?"

"என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் கத்தறீங்க?" என்று நிம் ஆள் ஆளாகக் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

மானோப் மெதுவாக நடந்து வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் சொன்னப்போ?"

சாயன் எழுந்து நின்றான்.

"நான் காதுல சொன்னப்போ அவன் இல்லியா? கேட்டாருன்னு சொன்னியேடா!"

அடித்தான். சாயன் விழுந்தான், எழுந்தான். மானோப் மறுபடி அடித்தான். சாயனின் உலக்கை போன்ற கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. தடுக்கவில்லை.

"விடு அவனை." புவாதான். பாயிலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லை. "இங்க வா தம்பி. உக்காரு."

அவன் எதிரே மண்டியிட்டான். உதட்டில் ரத்தம்.

"எல்லாப் பாலத்துலயும் சொன்னியா?"

மண்டபமே காது கொடுத்துக்கொண்டிருந்தது. ஆமாம் என்றால் அவள் இன்று தூங்குவாள். மடிப்பு அவிழ்ந்ததை அவனைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் புரிந்திருக்காது. கேட்டாரு என்று சொன்னவனுக்கு ஆமாம் என்று சொல்வது என்ன பெரிய காரியம்? வாயைத் திறந்தான். சொல்லத்தான் திறந்தான்.

"இல்லம்மா. மூன் ஆத்துல சொல்லல. அப்பவே போய்ட்டாரு, எனக்குத் தெரியல. ஆத்தைப் பாத்துட்டிருந்தேன்."

 புவா தோள்துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒரு வருஷமா எம் புள்ள அங்க நிக்கறான்" என்றாள். "ஆத்துக்கு அந்தாண்ட. எலும்பு வச்சு என்ன பண்ண."

இந்த ஆள் இனி வளைவைத் தாண்டி உள்ளே கால் வைக்கக்கூடாது, புவா வீட்டைத் தீட்டுக் கழிக்க வேண்டும் என்று ஊர்த்தலைவர் அங்கேயே சொல்லிவிட்டார். புவா தலையாட்டினாள், அவர் என்ன சொன்னார் என்று அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சாயன் கோயில் வாசலிலேயே படுத்தான். விடிந்ததும் ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவன் மானோப். முன்சீட்டில் புவா, மடியில் மீன் பிடிக்கும் கைவலை, ஒரு கட்டு ஒட்டரிசிச் சோறு, தாவோனின் நீலச் சட்டை.

"பின்னாடி ஏறு" என்றாள்.

 மூன் ஆற்றைத் தாண்டி, ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கரையில், பாலம் தொடங்குகிற இடத்தில் மானோப் வண்டியை நிறுத்தினான். தண்ணீர் கலங்கலாக ஓடிற்று. புவா சோற்றைப் பிரித்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். சட்டையை வலைக்குள் போட்டு, வலையைக் காற்றில் நீட்டி, தண்ணீரில் மீன் அள்ளுவது போல அள்ளினாள்.

"தாவோன்! அம்மா வந்திருக்கேண்டா. நின்னது போதும். ஏறிக்க."

மறுபடி அள்ளினாள். லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு போயின. மானோப் கொஞ்சம் தள்ளிப் போய், ஆற்றுக்கு முதுகு காட்டி நின்று, பிறகு திரும்பி, அன்று காதில் சொன்னதை இப்போது வாய்விட்டுச் சொன்னான். கயிறு, சாராயம், மாத்தல, நான்தான். அம்மாவுக்கும் கேட்டது. அவளுக்கு அது புதுச் செய்தி.  மகனைத் திரும்பிப் பார்க்காமல், வலையின் வாயை இறுக்கிச் சுருட்டினாள்.

சாயன் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் அதை அவன் மடியில் வைத்தாள். அவன் கைகூப்பிவிட்டு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

"இந்தத் தடவை பராக்குப் பாக்காதே" என்றாள்.

வண்டி பாலத்தில் ஏறிற்று. சாயன் வலையின்மேல் குனிந்து, "அண்ணே, மூன் ஆறு. தண்ணியத் தாண்டறோம்" என்று சொல்ல ஆரம்பித்தான். பாலம் முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான்.